கலருக்கு 500 பீஸ் கேக்குறாங்க, நம்மகிட்ட 100 பீஸுக்குத்தான் காசு

100 டீ-ஷர்ட்ல ஆரம்பிக்கலாம். உங்களுக்குன்னு தனியா சாயம் போடச் சொல்லாதீங்க, ஏற்கெனவே சாயம் போட்டு ஸ்டாக்ல இருக்குற துணிய வாங்கி பவர் டேபிள்ல, அதாவது கூலிக்கு தச்சுக் குடுக்குற யூனிட்ல, ஜாப் ஒர்க்குக்கு குடுத்துடுங்க. திருப்பூர்ல கேட்ட எடமெல்லாம் கலருக்கு 500னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க, அது பெரும்பாலும் தையலால வர்ற கணக்கு இல்ல, டையிங் மெஷின்ல ஒரு கலருக்கு இவ்ளோ கிலோ போட்டாத்தான் கட்டுப்படியாகும், அந்தக் கணக்குதான் உங்க தலையில விழுது.

180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்) டீ-ஷர்ட்டுக்கு வேஸ்ட் சேத்து கால் கிலோ போடுங்க, 100 பீஸுக்கு 25 கிலோ, கிட்டத்தட்ட ஒரு ரோல்தான். கழுத்துக்கு வைக்குற ரிப் துணியையும் அப்பவே அதே லாட்ல, அதாவது ஒண்ணா சாயம் போட்டதுல, கேட்டு வாங்கிடுங்க, பின்னாடி தேடினா கலர் மேட்ச் ஆகவே ஆகாது, கருப்புலகூட.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி அந்தத் துணியில ஒரு சாம்பிள் பீஸ் வாங்கிட்டு வந்து
1. 10க்கு 10 செ.மீ. வெட்டி நகைத் தராசுல வைங்க, 1.8 கிராம் வந்தா 180 ஜிஎஸ்எம். கடைக்காரர் சொல்றத நம்பாதீங்க.
2. 50க்கு 50 செ.மீ. கட்டம் போட்டு தொவச்சு காயவச்சு அளங்க, 47.5க்கு கீழ போச்சுன்னா விட்டுடுங்க. கட்டம் கோணலாச்சுன்னாலும் வேணாம், சைடு தையல் வயித்துப் பக்கம் திரும்பிடும்.

இன்னொண்ணு, ஸ்டாக் துணி தீந்துட்டா அதே ஷேடு திரும்ப கிடைக்கும்னு சொல்ல முடியாது, அதனால ரீஸ்டாக் பண்றேன்னு யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க.