மிருதங்கத்தின் கறுப்பு வட்டம்

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். மிருதங்கமும் வாசிக்கிறான், இயற்பியலும் அவனுக்கு உயிர். "கற்பனை கலைக்கு, அறிவியலுக்குக் கணக்கு போதும். ரெண்டில் ஒன்றை விடு" என்கிறார் என் தம்பி. என்ன செய்யலாம்?
– வாசகி, கரூர்

பதில்: எதையும் விட வேண்டாம் அம்மா. முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். சின்ன வயதில் மிருதங்கமும் கற்றுக்கொண்டேன். உங்கள் தம்பிக்கு மிருதங்கத்தின் வலது பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை, அதாவது கரணையைக் காட்டுங்கள்.

வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அடிப்படை ஒலியோடு, அதன் அதிர்வெண்ணைப் போல 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒழுங்கில்லாமல் கிளை ஒலிகள் எழும். சத்தம் வரும், சுருதி நிற்காது. கரணை ஏறிய தோலில் அவையே ஏறக்குறைய 2, 3, 4, 5 மடங்கு என்று வீணைத் தந்தியில் வருவது போல வரிசைக்கு வந்துவிடுகின்றன. சி.வி. ராமன் 1920இல் சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து 'நேச்சர்' அறிவியல் இதழில் இதை எழுதினார். வயலின், வீணை, தம்பூரா என்று வாத்தியங்களின் பின்னாலேயே பல வருஷம் அலைந்த மனிதர் அவர். 1934இல் வந்த கட்டுரைக்காகத் தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டிப் பார்த்தார். தோல் அசையாத இடங்களில் மணல் கோடாக ஒதுங்கியது.

சரி, அந்தக் கரணையை முதலில் வைத்தவர் யார்? பெயர் தெரியாத ஒரு தொழிலாளி. சிறுவனாக ஒரு மிருதங்கக் கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அங்கே இருந்த தொழிலாளி கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் குழைத்து, கட்டை விரலால் ஒரு சிட்டிகை அப்புவார். வழவழப்பான கல்லால் தேய்ப்பார். தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார். மறுபடி ஒரு சிட்டிகை. அப்படியே அடுக்கடுக்காக, நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிந்தும் ஏறும். 'இன்னும் கொஞ்சம்' என்று அவர் காது சொன்னதைத்தான் ராமன் எண்ணில் எழுதினார். இரண்டையும் ஒரே வேலையாகத்தான் நான் பார்க்கிறேன்.

பையனை ஒன்று செய்யச் சொல்லுங்கள். மிருதங்கத்தை நிமிர்த்தி வைத்து, வலந்தலையில் உலர்ந்த மெல்லிய மணலைத் தூவி 'நம்' என்ற சொல்லை வாசிக்கட்டும். மோதிர விரல் லேசாகப் படுகிறதே, அதையொட்டியே மணல் குறுக்குக் கோடாக ஒதுங்குகிறதா என்று பார்க்கட்டும். குரு வைக்கச் சொன்ன இடம் அது. தம்பியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். முடிந்ததும் மணலை மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.