எடுத்துக் கொடுக்க எதற்கு நாலு வருடப் படிப்பு?

ஹெராயினை ஒரு காலத்தில் இருமல் மருந்தாக விற்றார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா, இல்லை வழக்கமான கதையா?
— வாசகர், திண்டுக்கல்

வாட்ஸ்அப்பில் வந்தும் உண்மையாக இருக்கிற அபூர்வமான சங்கதி. ஜெர்மனியின் பேயர் கம்பெனி 1898-ல் அதே பெயரில் விற்றது, மார்ஃபின் மாதிரி அடிமையாக்காது என்று சொல்லி. முந்தைய வருடம் ஆகஸ்டில் ஆஸ்பிரினைத் தயாரித்த ஃபெலிக்ஸ் ஹாஃப்மன்தான், அடுத்த இரண்டு வாரத்துக்குள் இதையும் தயாரித்தார். கெட்டிக்காரர்தான், என்ன சொல்வது!

டாக்டர் எழுதித் தருகிறார், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். இதற்கு நாலு வருடம் பி.ஃபார்ம் எதற்கு? பத்தாவதோடு நின்ற என் அண்ணன் மகனுக்கு மெடிக்கல் ஷாப் வேலை எல்லாம் அத்துப்படி.
— வாசகி, மதுரை

அத்துப்படிதான், டாக்டர் கிறுக்கியதை நம்மைவிட வேகமாகப் படித்தும் விடுவார். ஆனால் மூட்டுவாதத்துக்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. (சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவின் குழு அமெரிக்காவில் உருவாக்கிய மருந்து இது, முதலில் புற்றுநோய்க்கு.) சீட்டில் "தினம் ஒன்று" என்று கைதவறி எழுதியிருந்தால் எடுத்துக் கொடுப்பவர் கொடுத்துவிடுவார், படித்தவர் டாக்டருக்கு போன் போடுவார். போட வேண்டும்.

இன்னொன்று, வைத்தியர் வேறு, மருந்துக்கடைக்காரர் வேறு என்று பிரித்ததே ஒருவரை ஒருவர் சரிபார்க்கத்தான். 13-ஆம் நூற்றாண்டிலேயே சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக், வைத்தியர் மருந்துக்கடையில் பங்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். கிளினிக்கோடு ஒட்டியே மெடிக்கல் வைத்திருக்கும் நம்மூர் டாக்டர்களை அவர் பார்த்ததில்லை, பாவம்.

அப்புறம், இந்தத் தொழிலின் பழைய ஆட்கள் எடுத்துக் கொடுப்பவர்களே இல்லை, செய்பவர்கள். 1805 வாக்கில் ஜெர்மனியில் பாடர்போர்ன் ஊர் மருந்துக்கடையில் உதவியாளாக இருந்த செர்ட்டுர்னர் என்ற இளைஞர் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் அதைத் தானும் சாப்பிட்டு மூன்று பையன்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். எல்லோருக்கும் விஷமாக ஏற, வினிகரைக் குடித்து வாந்தியெடுத்துத் தப்பித்தார்கள். நம் பக்கத்திலும் கம்பவுண்டர் மிக்சர் கலக்கி, பாட்டிலில் வேளைக்கு எவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டித் தந்ததைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அட்டை அட்டையாக மாத்திரை வந்த பிறகு கலக்குகிற வேலை ஃபேக்டரிக்குப் போய்விட்டது, சரிபார்க்கிற வேலை இங்கேயேதான் இருக்கிறது.

வால்பாறை பக்கம் 'சின்கோனா' என்று ஒரு ஊரே இருக்கிறதே, மருந்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
— வாசகர், பொள்ளாச்சி

உண்டு. மலேரியாவுக்கான கொய்னா அந்த மரத்தின் பட்டையில்தான் இருக்கிறது. 1820-ல் பாரிஸில் பெல்லட்டியே, காவந்தூ என்ற இரண்டு மருந்தாளுநர்கள் அதைத் தனியாகப் பிரித்தார்கள். (நம்ம எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னினைப் பிரித்ததும் இவர்களே.) பட்டைக்குத் தென் அமெரிக்காவை நம்பி இருக்க முடியாது என்று ஆங்கிலேயர்கள் 1860-களில் நீலகிரியில் சின்கோனா நட்டார்கள். நடுவட்டத்தில் சீனக் கைதிகளைத் தோட்ட வேலைக்கு விட்டார்கள், அங்கேயே அரசு கொய்னா ஃபேக்டரியும் வந்தது. ஆனைமலைத் தோட்டம் பிறகு வந்தது.

மகள் பி.ஃபார்ம் சேர ஆசைப்படுகிறாள். எதிர்காலம் இருக்கிறதா?
— பெயர் வேண்டாம், தேனி

சேரட்டும், ஆனால் சில கடைகளில் நடக்கும் ஒரு வழக்கத்தை முன்பே தெரிந்துகொள்ளட்டும். சான்றிதழைக் கடைச் சுவரில் மாட்டிவிட்டு வீட்டில் இருந்தால் போதும், மாதாமாதம் பணம் வரும் என்பார்கள். 1948-ஆம் வருடப் ஃபார்மசி சட்டப்படி பதிவு பெற்றவர்தான் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும், வாடகைக்கு விட்ட காகிதம் அல்ல.

கடை மட்டுமே வேலையும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை டைஎதிலீன் கிளைகால் என்ற விஷத்தில் கரைத்துச் சிரப்பாக விற்று நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர் இறந்ததும் அதே விஷம் கலந்த கிளிசரினால். மருந்து ஃபேக்டரிக்கு வந்திறங்கும் மூலப்பொருள் பீப்பாயைச் சோதித்துப் பார்த்து, முதலாளி முகம் கோணினாலும் "இது வேண்டாம்" என்று திருப்பி அனுப்புகிற தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு இந்தப் படிப்பு வேண்டும். ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியின் மருந்துகளைப் பார்க்கும் வேலை பிடிக்குமென்றால் ஆறு வருட ஃபார்ம்.டி இருக்கிறது. எதில் சேர்ந்தாலும், பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரிக்கு ஃபார்மசி கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் படித்தால் பதிவு கிடைக்காது.