மீன் வாத்தியார் பதில்கள்

கேள்வி: ஐயா, ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் சேர்ந்து ஏற்காட்டு ஓடைகளில் பிளாஸ்டிக் பொறுக்குகிறோம். இங்கிலாந்தில் ஊர்க்காரர்களே ஆறுகளைக் கண்காணித்து டிரவுட் மீனைக் காப்பாற்றுகிறார்களாம். ஊட்டிப் பக்கம் இருக்கும் டிரவுட் நம் மலையில் வளராதா? குஞ்சு வாங்கி விடலாமா?
– அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: குப்பை பொறுக்குகிற கைகளுக்கு ஒரு கும்பிடு. குஞ்சு விடும் யோசனையை மட்டும் இன்றே கைவிடுங்கள் தம்பி.

டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே இரையெடுக்கத் தயங்கும், 25-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. நீலகிரியில் 2,000 மீட்டர் உயரத்தில், அவலாஞ்சியில், 1907-ல் வில்சன் என்ற வெள்ளைக்காரர் பொரிப்பகம் வைத்து அதை வளர்த்தார். ஏற்காடு 1,500 மீட்டர்தான். கோடையில் கிளியூர் அருவியே வற்றிப்போகிறது, டிரவுட் எங்கே போய் ஒதுங்கும்? தப்பித்தவறிப் பிழைத்துவிட்டால் இன்னும் வம்பு. தலைப்பிரட்டை, அயிரை என்று எதையும் விட்டுவைக்காது. இங்கிலாந்து ஆற்றில் பழுப்பு டிரவுட் மண்ணின் மைந்தன். இங்கே வந்தால் அது அயல் இனம். உலகின் மிக மோசமான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் இரண்டுமே உண்டு.

அந்த ஊர்த் தன்னார்வலர்களிடம் கற்க வேண்டியது அவர்களுடைய பூச்சிக் கணக்கு. பெண் டிரவுட் வாலால் கூழாங்கல்லைக் கிளறி, அந்தக் குழியில் முட்டையிட்டு மூடும். கரை சரிந்து வண்டல் வந்து இடுக்கை அடைத்தால் முட்டைக்குக் காற்று கிடைக்காது. கல்லுக்கடியில் வாழும் பூச்சிகளுக்கும் அதே கதிதான். அதனால்தான் அவற்றை எண்ணுகிறார்கள். சலசலத்து ஓடும் இடத்தில் வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னால் 3 நிமிடம் காலால் கல்லைக் கிளறுவார்கள். வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி இனம் பிரித்து எண்ணுவார்கள். எண்ணிக்கை முன்பே குறித்துவைத்த அளவுக்குக் கீழே போனால் அன்றைக்கே அதிகாரிகளுக்குத் தகவல் போய்விடும்.

இதற்கு டிரவுட் எதற்கு? வெள்ளை பிளாஸ்டிக் டப் ஒன்று, கொசுவலைத் துணி, ஒரு பூதக்கண்ணாடி போதும். மூன்று வால் ஆட்டும் மேஃபிளை புழு, மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டி அதைச் சுமந்தே நடக்கும் கேடிஸ் புழு எல்லாம் டப்பில் தெரிந்தால் ஓடை நலம். சிவப்பாக நெளியும் புழு மட்டுமே மண்டிக் கிடந்தால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்று பொருள். எண்ணி முடித்ததும் பூச்சிகளை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் ஓடும் மாதங்களில் எஸ்டேட்டுக்கு மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் என்று எடுத்துப் பாருங்கள். பழக்கழிவுத் தண்ணீர் ஓடையில் கலந்தால் ஆக்ஸிஜன் மளமளவென்று இறங்கும். தேதி, இடம், எண்ணிக்கை போட்ட நோட்டு கையிலிருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் தைரியமாகப் பேசலாம். வெறும் ஆதங்கத்துக்கு அங்கே மனு எண்கூடக் கிடைக்காது! காப்புக்காட்டுக்குள் இறங்குவதானால் வனத்துறையிடம் முதலில் அனுமதி வாங்குங்கள்.

கேள்வி: கொசுவை ஒழிக்க எங்கள் ஏரியில் கம்பூசியா மீன் விடலாமா?
– கன்னங்குறிச்சி வாசகி

பதில்: வேண்டாம்மா. மேலே நான் சொன்ன மோசமான அயல் உயிரினப் பட்டியலில் அதுவும் இருக்கிறது. மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். தலையில் வெள்ளிப்பொட்டு மின்ன, நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும் சிறுமீன் ஒன்று நம் குளங்களில் உண்டு. கொசுப்புழுவை அதுவே தின்னும்.