கணினியோடு சர்வோ மோட்டார்

கேள்வி: பழைய மில்லிங் மெஷினின் மூன்று அச்சுகளுக்கும் 750 வாட் ஏசி சர்வோ மோட்டார் பொருத்தியிருக்கிறேன். மெஷினை இயக்கும் லினக்ஸ்சிஎன்சி மென்பொருளை நிறுவிய கணினியின் பேரலல் போர்ட்டிலிருந்து, மோட்டாரை ஓட்டும் டிரைவுக்கு நேரடியாக வயர் கொடுக்கலாமா? எமர்ஜென்சி பட்டனைக் கணினியில் இணைத்தால் போதுமா?
– வாசகர், கோவை

பதில்: இரண்டுமே கூடாது. பேரலல் போர்ட் 5 வோல்ட்டில், சில மில்லி ஆம்பியர் மட்டுமே தாங்கக்கூடியது. டிரைவின் 24 வோல்ட் தவறுதலாக அதில் ஏறினால் மதர்போர்டே போய்விடும். எனவே இடையில் ஆப்டோகப்ளர் (மின் இணைப்பு இல்லாமல் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் பாகம்) உள்ள பிரேக்அவுட் போர்டு (போர்ட்டின் பின்களைத் தனித்தனி வயர் முனைகளாகப் பிரித்துத் தரும் போர்டு) அவசியம். மலிவான போர்டுகள் பலவற்றில் உள்ளீடுகளுக்கு மட்டுமே ஆப்டோகப்ளர் இருக்கும் என்பதால், வெளியீடுகளுக்கும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மோட்டாரை நகர்த்தும் பல்ஸ் செல்லும் வழியில் 6என்137 போன்ற வேகமான வகை வேண்டும். இருபுறத்துக்கும் ஒரே பவர் சப்ளையைக் கொடுத்தால் ஆப்டோகப்ளர் இருந்தும் பயனில்லை.

எமர்ஜென்சி பட்டன் விஷயத்தில் சிறிதும் சமரசம் வேண்டாம். கணினி உறைந்து நிற்கும் நேரத்தில்தான் அந்தப் பட்டன் மிகவும் தேவைப்படும். அப்போது கணினி வழியாகச் செல்லும் எந்தக் கட்டளையையும் நம்ப முடியாது. பட்டனின் என்சி கான்டாக்ட் (அழுத்தாதபோது மூடியிருந்து, அழுத்தினால் திறப்பது), டிரைவின் மெயின் சப்ளைக்கான கான்டாக்டரின் (காயிலில் மின்சாரம் இருக்கும்வரை மட்டும் இணைத்து வைக்கும் சுவிட்ச்) காயிலுக்குச் செல்லும் மின்சாரத்தைத் துண்டித்து, அதை நேரடியாக விழச் செய்ய வேண்டும். பட்டனை விடுவித்தாலும், தனி ரீசெட் பட்டனை அழுத்தும்வரை கான்டாக்டர் மீண்டும் ஏறக்கூடாது. கன்ட்ரோல் சப்ளை தனியாக உள்ள டிரைவ் என்றால் அதைத் துண்டிக்காமல் விடுங்கள். அலாரம் விவரம் டிரைவின் திரையில் நிற்கும். பட்டனின் இரண்டாவது கான்டாக்டைக் கணினிக்குக் கொடுப்பது, நின்றுவிட்டதை அதற்குத் தெரிவிக்க மட்டுமே. மின்சாரம் போனதும் செங்குத்து அச்சு தன் எடையால் இறங்கக்கூடும் என்பதால், அந்த மோட்டார் பிரேக் உள்ளதாக இருக்கட்டும்.

கணினி பூட் ஆகும்போது போர்ட்டின் பின்கள் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே, லினக்ஸ்சிஎன்சி ஓடும்வரை மட்டும் துடிக்கும் சார்ஜ் பம்ப் சிக்னல் வந்தால்தான் சர்வோ ஆன் ஆக வேண்டும்; அதை ஏற்கும் போர்டாகத் தேர்ந்தெடுங்கள்.

மோட்டாரின் சுழற்சியை அளந்து சொல்லும் என்கோடரின் வயரை, மோட்டாரின் பவர் வயரோடு ஒரே டக்ட்டில் போடாதீர்கள். மெயினை அணைத்த பிறகும் டிரைவின் கெபாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். சார்ஜ் விளக்கு அணைந்து, கையேடு சொல்லும் நிமிடங்கள் கழிந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில், மோட்டாரை மெஷினோடு இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு, மோட்டாரை மேசையில் இறுகப் பிணைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். சுழலும்போதே போர்ட் கேபிளை உருவிப் பாருங்கள்: சர்வோ ஆஃப் ஆகாவிட்டால், மெஷினில் பூட்ட இன்னும் நேரம் வரவில்லை.