தம்பியின் வண்டி வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: என் கணவர் சென்னையில் ஒரு சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனில் தலைமைக் காவலர். சர்வீஸ் 19 வருஷம். காலையில் ரோல்கால், பகலில் கோர்ட், சாயங்காலம் பந்தோபஸ்து, ராத்திரி ரவுண்ட்ஸ் என்று ஓடிக்கொண்டே இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கிக் கொடுத்து, நாயைக் குளிப்பாட்டிக் கழித்த நாட்களை இன்னும் சொல்லி வேதனைப்படுவார். இவ்வளவு உழைத்தும் வெளியில் மரியாதை இல்லை. விசாரணைக்குக் கொண்டுபோன ஒருவர் இறந்துபோன திருப்புவனம் சம்பவத்துக்குப் பிறகு அக்கம்பக்கத்தார் எங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. எட்டாவது படிக்கும் மகளிடம் கூடப் படிக்கும் பெண் ஒருத்தி, "உங்கப்பா மாமூல் வாங்குவாரா?" என்று கேட்டிருக்கிறாள். அழுதுகொண்டு வந்த குழந்தைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் வீட்டில் எரிந்து விழுகிறார், எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. போன மாதம் ஒரே ஒரு ஞாயிறுதான் ஆஃப் கிடைத்தது. அதிலும், குடித்துவிட்டு ஓட்டினான் என்று முதல் நாள் ராத்திரி என் தம்பியின் வண்டியைப் பிடித்து வைத்துவிட்டதால், இவர் போய்ப் பேசி கேஸ் இல்லாமல் எடுத்துக்கொண்டு வந்தார். மத்தியானம் சாப்பிடக்கூட இல்லை. தம்பி சின்னப் பையன், 29 வயதுதான். போலீஸ்காரர் குடும்பம் படுகிற கஷ்டம் இந்த ஜனங்களுக்கு எப்போது புரியும்?

பெயர் வேண்டாம், சென்னை.

பதில்:

சகோதரி, காவலர் வீடுகளிலிருந்து இதே கடிதம் எனக்குப் பல வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. தூக்கம் இல்லை, லீவு இல்லை, மரியாதை இல்லை. மூன்றும் உண்மைதான். ஆனால் "கவலைப்படாதீர்கள், ஜனங்களுக்கு ஒருநாள் புரியும்" என்று நான் எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரி வந்ததும் நான் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் மத்தியானம் சாப்பிடவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. எதற்காகச் சாப்பிடாமல் போனார் என்பதை ஏதோ மழையில் துணி நனைந்துவிட்டது என்பதுபோலச் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். சனிக்கிழமை ராத்திரி ரோட்டில் பேரிகார்டு போட்டு, வண்டி வண்டியாக நிறுத்தி, கருவியை நீட்டி "ஊதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் ஒரு காவலர்தான். அவர் வீட்டிலும் ஒரு பெண் உங்களைப் போலவே சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்திருப்பாள். அவர் முகத்தில் குடி நெடியோடு எத்தனையோ பேர் ஊதியிருப்பார்கள், எத்தனையோ பேர் "நான் யார் தெரியுமா?" என்று எகிறியிருப்பார்கள். உங்கள் தம்பியும் சும்மா நின்றிருக்க மாட்டான். "எங்க மாமா ஏட்டு" என்று சொல்லியிருப்பான். மறுநாள் உங்கள் கணவர் மஃப்டியில் அந்த ஸ்டேஷனுக்குப் போகிறார். தன்னைவிட வயதில் சின்னவரான ஒரு எஸ்.ஐ. முன்னால் நின்று, "நம்ம பையன் சார், இந்த ஒரு தடவை" என்கிறார். ராத்திரி முழுக்க நின்று அந்த வண்டியைப் பிடித்த காவலர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்க, சாவி கைமாறுகிறது.

அந்தச் சாவி சும்மா வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? கொஞ்ச நாள் கழித்து அந்த எஸ்.ஐ.யிடமிருந்து போன் வரும். "ஏட்டய்யா, உங்க லிமிட்ல ஒரு கடைத் தகராறு, நமக்கு வேண்டியவரு, கொஞ்சம் பார்த்துக்கங்க." அன்றைக்கு உங்கள் கணவரால் முடியாது என்று சொல்ல முடியுமா? அந்தத் தகராறில் எதிர்ப்பக்கம் நிற்பவர் வீட்டுக்குப் போய்த் தன் பெண்டு பிள்ளைகள் முன்னால் என்ன பேசுவார்? "போலீஸெல்லாம் அவங்க ஆளுங்களுக்குத்தான்" என்பார். அவருடைய பெண் உங்கள் மகளின் வகுப்பில் இருக்கலாம். உங்கள் மகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவளாகவே இருக்கலாம்.

மாமூல் என்றால் கையில் வாங்கும் பணம் மட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் உங்களுக்குக் கோபம் வருகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில் என்று சட்டம் இருக்கிறது. கேஸ் இல்லாமல் வண்டி வந்துவிட்டது என்றால், அந்தப் பணம் உங்கள் பிறந்த வீட்டில் மிஞ்சியிருக்கிறது. யாருடைய சட்டையை வைத்து மிஞ்சியது? உங்கள் மகள் அன்றைக்கு வீட்டில்தானே இருந்தாள்? எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இதெல்லாம் புரியாது என்று நினைத்தால் பிள்ளையை நீங்கள் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். உங்களால் அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல் போனதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

ஆர்டர்லி வேலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். படித்து, ஓடி, கயிறு ஏறி, தேர்வாகி வந்த ஒரு பையனை அதிகாரி வீட்டு நாய்க்குத் தண்ணீர் ஊற்ற அனுப்புவது அநியாயம். தமிழ்நாட்டில் அந்த முறையை 1979-லேயே ஒழித்து உத்தரவு போட்டாகிவிட்டது. அப்படியும் அது ஒழியவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் மறுபடியும் கண்டிக்க வேண்டியிருந்தது. உங்கள் கணவரின் வேதனை எனக்குப் புரிகிறது. அரசாங்கம் கொடுத்த சட்டையைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தினார் என்பதுதானே அந்த அதிகாரி மேல் உங்களுக்குள்ள குறை? உங்கள் தம்பிக்காக அவர் அலைந்தது எந்த வேலையில் சேரும்? அங்கே நாய்க்குச் செய்தார். இங்கே மைத்துனனுக்குச் செய்தார். அதிகாரியிடம் முடியாது என்று சொல்ல அவருக்குப் பயம். உங்களிடம் முடியாது என்று சொல்ல அதைவிடப் பயம். மாமனார் வீட்டில் பெயர் கெட்டுவிடும், பெண்டாட்டி முகம் வாடிவிடும்.

29 வயதுச் சின்னப் பையன் என்கிறீர்கள். அந்த வயதில் உங்கள் கணவர் வேலையில் சேர்ந்து சில வருஷம் ஆகியிருக்கும், வினாயகர் ஊர்வலத்துக்கும் மெரினா புத்தாண்டுக் கூட்டத்துக்கும் கயிறு பிடித்து நின்றிருப்பார். 19 வருஷ சர்வீஸில் அவர் எத்தனை தடவை மார்ச்சுவரி வாசலில், குடித்துவிட்டு ஓட்டிச் செத்தவன் வீட்டாருக்குப் பக்கத்தில் நின்றிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தம்பி வண்டியில் எதிரே வருபவர்களும் யாருக்கோ தம்பிதான், யாருக்கோ அப்பாதான்.

அவர் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் போயிருக்கக் கூடாது. ஆனால் கடிதம் எழுதியது நீங்கள், அதனால் உங்களிடம் பேசுகிறேன்.

சரி, ஜனங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2020-ல் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன ஜெயராஜும், அவரைத் தேடிப் பின்னாலேயே போன மகன் பென்னிக்ஸும் பிணமாகத்தான் வீடு திரும்பினார்கள். 2025-ல் திருப்புவனத்தில் ஒரு நகைப் புகாரை விசாரிக்கிறோம் என்று கோயில் காவலாளி அஜித்குமாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவரும் உயிரோடு திரும்பவில்லை. இதைப் பார்த்த பிறகும் காக்கிச் சட்டையை ஜனங்கள் பழையபடியே பார்க்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கக் கூடாது. அவர்களுடைய பயம் நியாயமானது. அதே ஜனங்கள்தான் 2021 நவம்பர் மழையில், மயங்கிக் கிடந்த ஓர் இளைஞனை இன்ஸ்பெக்டர் ராஜேஸ்வரி தன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நல்லதைப் பார்க்கத் தெரியாத ஊர் இல்லை இது. உங்கள் அக்கம்பக்கத்தாருக்குத் திருப்புவனம் தொலைவில் இருக்கிறது. தம்பி பிடிபட்டதும், மறுநாள் மத்தியானம் அதே வண்டியில் உங்கள் தெருவுக்குள் வந்ததும் பக்கத்தில் நடந்தது. அவர்கள் பார்வை மாறியதற்கு எது காரணம் என்று நீங்களே யோசியுங்கள்.

இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒருநாள் ஓய்வு என்று 2021-லேயே அரசாணை வந்துவிட்டது. அது உங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு ஞாயிறாகத்தான் வந்து சேர்கிறது என்றால், கோபப்பட வேண்டியதுதான், நானும் கோபப்படுகிறேன். பந்தோபஸ்து என்று ஒன்று வந்தால் அத்தனை ஆஃபும் ரத்து. ஆனால் இத்தனையையும் தாண்டி உங்கள் வாசலுக்கு வந்த அந்த ஒரு நாளைப் பறித்தது இன்ஸ்பெக்டரும் இல்லை, கமிஷனரும் இல்லை, உங்கள் தம்பி. நீங்கள் கதவைத் திறந்துவிட்டீர்கள்.

என் வீட்டு ஆட்களுக்கு நான்தான் முடியாது என்று சொல்ல வேண்டும், அவர் வீட்டு ஆட்களுக்கு அவர்தான் சொல்ல வேண்டும். குடும்பம் என்றால் அப்படித்தான் என்று நம்புகிறவள் நான். மாப்பிள்ளையிடம் விட்டால் அவர் கெட்டவராவார். அக்கா சொன்னால் ஒரு மாதம் பேசாமல் இருப்பான், அப்புறம் பொங்கலுக்கு வந்து நிற்பான். அதனால் நீங்களே தம்பிக்குப் போன் போடுங்கள். "இனிமேல் வண்டி பிடிபட்டால் கோர்ட்டுக்குப் போய் அபராதம் கட்டு. உங்க மாமாவைக் கூப்பிடாதே, எனக்கும் போன் பண்ணாதே" என்று சொல்லுங்கள். அம்மா நடுவில் வந்து அழுவார்கள். அப்போதும் இதையேதான் சொல்ல வேண்டும். அவன் வண்டியில் "போலீஸ்" என்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நீங்களே போய்ச் சுரண்டி எடுத்துவிட்டு வாருங்கள். இந்த மாதிரி ஸ்டிக்கர்களுக்கு எதிராக 2024 மே மாதம் நடவடிக்கையில் இறங்கியதே சென்னைப் போக்குவரத்துப் போலீஸ்தான். காவல் துறையே ஒட்டாதே என்று சொல்வதைக் காவலர் வீட்டு ஆள் ஒட்டிக்கொண்டு திரிவது அசிங்கம்.

விசேஷங்களுக்கு அவர் வரவில்லை என்பதை விட்டுவிடுங்கள். நீங்கள் போய் மொய் வைத்துவிட்டு வந்தால் போதும். எரிந்து விழுவதை மட்டும் அப்படி விட முடியாது. ராத்திரி ரவுண்ட்ஸ் முடிந்து வருகிறவரைத் தூங்க விடாமல் எந்தக் கணக்கும் கேட்காதீர்கள், அது ஒன்று. காவலர்களுக்காகவே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையோடு சேர்ந்து நிறைவாழ்வுப் பயிற்சி என்று ஒரு திட்டம் நடத்தினார்கள், குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அவர் ஸ்டேஷனில் கேட்கச் சொல்லுங்கள். கவுன்சலிங் போனால் கேலி செய்வார்கள் என்பார். நீங்களும் கூடப் போங்கள்.

அடுத்த ஆஃப் வரும்போது அவர் போனை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனிலிருந்து வந்தால் எழுப்புங்கள். சொந்தக்காரர்கள் யார் கூப்பிட்டாலும் நீங்களே எடுத்து, "தூங்கறார், என்ன விஷயம், எங்கிட்ட சொல்லுங்க" என்று கேளுங்கள். மத்தியானம் எழுந்து வந்ததும் சோறு போட்டுவிட்டு, மகளை அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பள்ளியில் கேட்ட கேள்வியை அவளே அப்பாவிடம் கேட்கட்டும். மாமா வண்டியைப் பற்றியும் கேட்டால் தடுக்காதீர்கள். அவர் என்ன சொல்வார் என்று நீங்கள் முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பக்கத்திலும் நிற்க வேண்டாம்.