லாஃபர்ட்டியின் பாட்டிகள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அறிவியல்புனைவு எழுத்தாளர் ஆர்.ஏ. லாஃபர்ட்டியின் 'நைன் ஹண்ட்ரட் கிராண்ட்மதர்ஸ்' கதையை நண்பர் அனுப்பினார். ஒரு சிறுகோள், அங்கே சாவே இல்லாத மக்கள், வயது ஏற ஏறச் சுருங்கிப்போகும் பாட்டிகள். ரசித்துப் படித்தேன். ஆனால் இதில் அறிவியல் எங்கே இருக்கிறது? அறிவியல்புனைவுக்கான ஹ்யூகோ விருது வாங்கியவர் என்கிறார்கள். அப்படியென்றால் ஏன் யாருமே இவரைப் பற்றிப் பேசுவதில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தக் கதையில் வருபவன் கேட்பது ஒரே கேள்விதான்: எல்லாம் எப்படித் தொடங்கியது? அறிவியலின் ஆதாரக் கேள்வியே அதுதானே. பாட்டிக்குப் பாட்டி என்று தேடி இறங்கிக்கொண்டே போகிறான். ஆகப் பழைய பாட்டிகள் விடை தெரிந்தும் சொல்லாமல் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை எழுத லாஃபர்ட்டியால் மட்டுமே முடியும்.

விண்கலம் எப்படி ஓடுகிறது என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. விபரீதமான ஒரு விதியைச் சொல்லுவார், பிறகு அதைக் கடைசிவரை விடமாட்டார். 1965இல் வந்த 'ஸ்லோ டியூஸ்டே நைட்' கதையில் மனித மூளையிலிருந்து ஒரு தடையை நீக்கிவிடுகிறார்கள். முடிவெடுக்கும் வேகம் பல மடங்காகிவிடுகிறது. அறிவியல் அவ்வளவுதான். அப்புறம் ஒரே இரவுக்குள் பிச்சைக்காரன் கோடீஸ்வரனாகிறான், எல்லாவற்றையும் இழக்கிறான். கல்யாணங்கள் நிமிடக் கணக்கில் முடிகின்றன. ஒருவர் ஏழு நிமிடத்தில் தத்துவ நூல் எழுதுகிறார், ஊரே கொண்டாடுகிறது, விடிவதற்குள் அது பழசு. இன்றைய நம் வாழ்க்கையை இவ்வளவு துல்லியமாகத் தொட்ட பழைய அறிவியல்புனைவு வேறெதையும் நான் படித்ததில்லை.

1914இல் அயோவாவில் பிறந்து, ஓக்லஹோமாவின் டல்சா நகரில் வாழ்ந்தவர். மின்சாதன நிறுவனம் ஒன்றில் வேலை. முதல் அறிவியல்புனைகதை வெளியானது 1960இல், 45 வயதில். அதற்குப் பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட சிறுகதைகள்! 1968இல் மட்டும் மூன்று நாவல்கள். அவற்றில் ஒன்றான 'பாஸ்ட் மாஸ்டர்', 'யுடோப்பியா' எழுதிய பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மோரை வருங்காலத்துக்கு இழுத்துவந்து ஒரு கற்பனைப் பொன்னுலகத்தை ஆளச் சொல்கிறது. ஹ்யூகோ கிடைத்தது 1973இல், 'யூரீமாஸ் டேம்' என்ற சிறுகதைக்கு, இன்னொரு கதையோடு பகிர்ந்து. எதுவும் படிப்பில் ஏறாத ஒரு பையன், தன்னால் முடியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு இயந்திரம் செய்துகொள்ளும் கதை அது.

ஏன் பேசப்படவில்லை என்றால், பழி முழுவதையும் பதிப்பாளர்கள் மேல் போட முடியாது. பிற்கால நாவல்களில் கத்தோலிக்க இறையியலும் புராணமும் அடர்ந்து கிடக்கின்றன; பொறுமையான வாசகரே திணறுவார். பெரிய பதிப்பகங்கள் விலக, சிறு பதிப்பாளர்கள்தான் அவரைத் தாங்கினார்கள். 2002இல் மறைந்தார். 2019இல், அமெரிக்க இலக்கியத்தின் முக்கிய நூல்களைப் பதிப்பிக்கும் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா 'பாஸ்ட் மாஸ்டரை' மறுபதிப்பு செய்தது. அவர் எழுத்தின் மதிப்புக்கு அது மிகத் தாமதம் என்றே நினைக்கிறேன்.

நாவலில் தொடங்காதீர்கள். நீங்கள் படித்த கதையின் பெயரிலேயே 1970இல் வந்த தொகுப்பு இருக்கிறது, அதை எடுங்கள். அது பிடித்தால் 'ஓக்லா ஹன்னாலி'. சாக்டா என்ற அமெரிக்கப் பழங்குடியினர் மிசிசிப்பியிலிருந்து விரட்டப்பட்ட வரலாறு. அறிவியல்புனைவே அல்ல, ஆனால் அவருடைய மிகச் சிறந்த நாவல் என்று அதைத்தான் சொல்வேன். படித்துவிட்டு எழுதுங்கள்.