ஆயிரத்தை விடுங்கள், அந்தப் பத்து டாலரைப் பாருங்கள்

கேள்வி: ஓஹையோவில் ஒரு முதியவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது பழைய பெட்டி ஒன்று வாங்கினேன். அதன் அடியில், ஓர் உறைக்குள் நோட்டுகள் இருந்தன. 1840 தேதியிட்ட ‘பாங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்’ ஆயிரம் டாலர். கழுகுப் படம் போட்ட 1899 ஒரு டாலர். நீல முத்திரையுள்ள 1957 ஒரு டாலர் சில. சிற்றூர் வங்கி ஒன்றின் பெயர் தாங்கிய 1929 பத்து டாலர். கசங்கலைப் போக்க இஸ்திரி போட்டு, லேமினேட் செய்யலாமா? ஆயிரம் டாலர் நோட்டை எங்கே விற்பது?

பதில்: இஸ்திரிப் பெட்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். லேமினேட் செய்தால் அந்த நோட்டின் கதை அத்துடன் முடிந்தது. திரும்பப் பிரிக்க வழியில்லை.

ஆயிரம் டாலர் நோட்டில் எண் 8894 என்று இருக்கிறதா? இருந்தால் அது நகல். பழுப்பேற்றிய, மொடமொடப்பான தாளில் நினைவுப் பொருளாக அச்சிட்டுத் தள்ளியவற்றில் ஒன்று. ஒரே மூல நோட்டைப் பார்த்து அடித்ததால் எல்லாவற்றிலும் ஒரே எண். அந்தக் காலத்து அசல் நோட்டுகளில் எண்ணையும் கையெழுத்தையும் பேனாவால் எழுதினார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மை தாளுக்குள் ஊறியிருப்பது தெரியும். நகலில் எல்லாமே ஒரே சீரான அச்சு. வங்கியின் கதையும் சோகமானதுதான். அதன் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவை 1832இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் நிராகரித்தார். 1836க்குப் பிறகு பென்சில்வேனியா மாநில உரிமத்துடன் தட்டுத்தடுமாறி ஓடி, 1841இல் விழுந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் நோட்டுகளிலும் இதே மாதிரி நகல்கள் மலிந்து கிடக்கின்றன.

1957 நோட்டுகளை யாராவது ‘வெள்ளிச் சான்று, அபூர்வம்’ என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நோட்டைக் கொடுத்தால் அரசு வெள்ளி தரும் என்ற வாக்குறுதி 1968 ஜூன் 24ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இந்த நோட்டுகளோ இன்னும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. எண்ணின் முனையில் நட்சத்திரக் குறி இருந்தால் மட்டும் தனியே எடுத்து வையுங்கள். பாழான நோட்டுக்கு மாற்றாக அடித்தது அது.

கழுகு நோட்டு அழகானது. அதிபர்கள் லிங்கனும் கிராண்டும் கீழே சிறிதாக இருக்க, கழுகு சிறகு விரித்திருக்கும். ஆனால் அபூர்வமல்ல. அதன் மதிப்பை ஏற்றி இறக்குவது நிலையும், அடியிலுள்ள இரண்டு கையெழுத்துகளும். நேப்பியர், தாம்சன் என்ற இணை இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கருவூலப் பதிவாளராக இருந்த ஜேம்ஸ் நேப்பியர் கறுப்பினத்தவர்; கருவூலர் கார்மி தாம்சன் 1912 நவம்பர் முதல் 1913 மார்ச் வரைதான் பதவியில் இருந்தார். அந்தச் சில மாதக் கூட்டுதான் இந்த இணையை அரிதாக்கியது.

இப்போது நீங்கள் ஒன்றுமே கேட்காத பத்து டாலருக்கு வருகிறேன். அந்த உறையில் என் கண் போவது அதன் மீதுதான்.

1863 முதல் 1935 வரை, மத்திய அரசின் சாசனம், அதாவது வங்கி நடத்தும் உரிமம், பெற்ற வங்கிகள் தங்கள் பெயரிலேயே நோட்டு வெளியிட்டன. அப்படி வெளியிட்ட வங்கிகள் 12,000க்கும் மேல். உங்களுடையது கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த சிறிய அளவு நோட்டு: பழுப்பு முத்திரை, கறுப்பு மையில் வங்கியின் பெயரும் ஊரும், ஓரங்களில் சாசன எண், அதாவது அந்த வங்கிக்கு அரசு கொடுத்த எண். அந்த எண்தான் எல்லாம். நியூயார்க், சிகாகோ போன்ற இடங்களின் பெரிய வங்கிகள் ஏராளமாக வெளியிட்டதால் அவற்றின் நோட்டுகள் எளிதாகக் கிடைக்கும். சிற்றூர் வங்கியின் நோட்டு உலகிலேயே இரண்டோ மூன்றோதான் மிஞ்சியிருக்கலாம். ஒரே ஆண்டு, ஒரே தொகை, ஒரே நிலை. ஆனாலும் ஒன்று நூறு டாலர் சொச்சத்துக்குப் போகும், இன்னொன்று ஆயிரங்களில் போகும். தன் மாவட்டத்தின் எல்லா வங்கிகளையும் சேர்க்கத் துடிப்பவர்கள் இருவர் ஏலத்தில் மோதிக்கொண்டால் விலை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அழுக்கும் மடிப்பும் இருந்தாலும் இங்கே பெரிதாகக் குறையாது. எந்தச் சாசன எண்ணில் எத்தனை நோட்டுகள் தென்பட்டிருக்கின்றன என்று சேகரிப்பாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். முதலில் அதைப் பாருங்கள். அவசரத்தில் வங்கிக் கவுன்டரில் நீட்டிவிடாதீர்கள். அது இன்றும் செல்லும், பத்து டாலருக்கு மட்டும்!

கசங்கல் இருந்தபடியே இருக்கட்டும். அச்சு அழுத்தத்தால் தாளில் எழும்பிய மேடு பள்ளங்கள் இஸ்திரியில் தட்டையாகிவிடும். தரம் பார்ப்பவர்கள் தேடுவதே அந்த மேடுகளைத்தான். கழுவுவதும் டேப் ஒட்டுவதும் அதைப் போன்ற சேதமே. மைலார் என்ற தெளிவான பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். கடையில் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறை நாளடைவில் தாளில் பிசுபிசுப்பை ஏற்றும். விளக்கொளிக்கு எதிரே பிடித்து ஊசித் துளைகளையும் பழுது பார்த்த இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விலை தெரிய, கேட்கும் விலைகளை அல்ல, ஏலத்தில் உண்மையில் விற்ற விலைகளைப் பாருங்கள். இரண்டு வியாபாரிகளிடமாவது காட்டுங்கள். தரச் சான்றுக்கு அனுப்பும் கட்டணம் 1957 நோட்டுகளுக்கு வீண். கழுகு நோட்டு மடிப்பில்லாமல் இருந்தாலோ, நேப்பியர் கையெழுத்து இருந்தாலோ அனுப்பலாம். பத்து டாலரை, அதன் சாசன எண்ணின் கணக்கைப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.